உப்புக் கரையில் நிலைப்படுத்தல் குளம்: காற்றில்லாக் குளத்தை விட்டுவிடலாமா?

களிமண் (இழையைத் தொடங்கியவர்) | திங்கள், இரவு 9.40

வணக்கம். ராமநாதபுரம் கடற்கரையில், கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் இடையில் உள்ள ஒரு பேரூரில் ஒப்பந்தப் பொறியாளராக இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பாதி ஊருக்குப் பாதாளச் சாக்கடை போட்டு எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. கழிவுநீரேற்று நிலையமும் இருக்கிறது. சுத்திகரிப்புதான் இல்லை. ஏற்றிய நீர் ஓடை வழியாக உப்பங்கழிக்குப் போகிறது.

இப்போது நிலைப்படுத்தல் குளங்களுக்கு முதல்நிலை வரைவு கேட்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் பழைய ஆட்கள் ஆக்சிடேஷன் குளம் என்பார்களே, அதுதான்: கழிவுநீரைத் திறந்த குளங்களில் வரிசையாகத் தேக்கி, வெயிலாலும் பாசியாலும் பாக்டீரியாவாலும் சுத்தமாக்குவது. கையில் உள்ளவை:

மக்கள் தொகை 30,000 (குழாய் முழுதும் போட்ட பிறகு). ஆளுக்கு 100 லிட்டர். ஆக நாளுக்கு 3,000 கன மீட்டர். பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 250 மி.கி. என்று வைத்திருக்கிறேன். நிலம் ஊருக்கு வடமேற்கே 14 ஏக்கர் புறம்போக்கு, முழுக்கச் சீமைக்கருவேலம். குழி வெட்டிப் பார்த்தேன், 1.2 மீட்டரில் தண்ணீர் வந்துவிட்டது.

வழக்கமான வரிசைப்படி கணக்குப் போட்டேன். முதலில் காற்றில்லாக் குளம் (அழுக்கு ஆக்சிஜன் இன்றிச் செரிக்கும் இடம்): ஒரு நாள் தேக்கம், அதாவது நீர் அங்கே ஒரு நாள் நிற்கும், 3 மீட்டர் ஆழம், 0.1 ஹெக்டேர். 60 சதவீதம் பி.ஓ.டி. அங்கேயே குறைவதாக வைத்தால் மிச்சம் 100 மி.கி. அடுத்து இருநிலைக் குளம் (மேலே பாசியும் ஆக்சிஜனும், அடியில் ஆக்சிஜன் இல்லை). பரப்புச் சுமை ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 315 கிலோ பி.ஓ.டி. எடுத்திருக்கிறேன். பரப்பு 0.95 ஹெக்டேர், ஆழம் 1.5 மீட்டர், தேக்கம் ஏறக்குறைய 4.8 நாள். பிறகு மூன்று மூன்று நாள் தேக்கத்தில் இரண்டு முதிர்வுக் குளங்கள் (கிருமி சாவதற்கானவை), தலா 0.9 ஹெக்டேர். மொத்த நீர்ப்பரப்பு 2.85 ஹெக்டேர். கரை, பாதை எல்லாம் சேர்த்து 1.3 மடங்கு என்றாலும் 9 ஏக்கர் சொச்சம்தான். 14 ஏக்கரில் தாராளமாக அடங்குகிறது.

சிக்கல் ஊர்க் கூட்டத்தில் வந்தது. "மூடாத செப்டிக் டேங்கைக் குளம் போலக் கட்டி எங்களுக்குக் காட்டுகிறீர்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். முழுவதும் தவறு என்று சொல்ல முடியவில்லை. ஆகவே காற்றில்லாக் குளத்தை விட்டுவிட்டு இருநிலைக் குளத்திலேயே தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்கன் | திங்கள், இரவு 10.15

இந்தக் காலத்தில் யார் ஐயா குளம் வெட்டுகிறார்கள்? ஒரு ஏக்கரில் இயந்திரச் சுத்திகரிப்பு நிலையம் வைத்தால் முடிந்தது. 14 ஏக்கரில் பேருந்து நிலையமே கட்டலாம்.

---

மட்டப்பலகை | செவ்வாய், காலை 6.05

கணக்கன் அவர்களே, ஒரு ஏக்கரில் கட்டலாம்தான். அதற்குள் இருக்கும் காற்றூதியை உப்புக் காற்றில் பத்து ஆண்டு ஓட்டிக் காட்டுங்கள். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடிநீர், வடிகால் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். மின்கட்டணம் கட்டாமல் நின்றவை, பேரிங் மாற்ற ஆள் வராமல் நின்றவை, ஒரே ஒரு இயக்குநர் ஓய்வு பெற்றதும் நின்றவை என்று எல்லா வகையையும் பார்த்திருக்கிறேன். குளத்தில் நிற்பதற்கு எதுவும் இல்லை. வெயிலும் பாசியும் சம்பளம் கேட்பதில்லை.

களிமண் தம்பிக்கு: 315 எப்படி வந்தது என்று எழுதவில்லை. அட்சரேகை அட்டவணைதானே? நம் நாட்டுக் கையேட்டில் 8 பாகைக்கு 325, 12 பாகைக்கு 300 என்று இருக்கிறது. நாம் 9 பாகை சொச்சத்தில் இருக்கிறோம், ஆக 315 சரி. அதே சுமையை வெப்பநிலையை வைத்துக் கணிக்கும் மாரா சமன்பாட்டில் ஆண்டின் குளிர்ந்த மாதச் சராசரியைப் போட வேண்டும். நம் கரையில் தை மாதத்திலும் 26 டிகிரி அளவில் இருப்பதால் 369 வரும். இரண்டில் சிறியதை எடுத்தது நல்லது. தைரியத்தைக் காட்ட வேறு இடங்கள் இருக்கின்றன.

காற்றில்லாக் குளத்தை விட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டு இங்கே போடுங்கள். நான் சொன்னால் என் கணக்காகிவிடும்.

---

களிமண் | செவ்வாய், இரவு 8.20

போட்டேன் ஐயா. கொஞ்சம் அதிர்ச்சிதான்.

250 மி.கி. அப்படியே இருநிலைக் குளத்துக்குப் போனால் பரப்பு 10 × 250 × 3,000 ÷ 315 = 23,810 சதுர மீட்டர். அதாவது 2.38 ஹெக்டேர். தேக்கம் 11.9 நாள்.

கிருமிக் கணக்கு இன்னும் சுவையானது. மராய் சூத்திரப்படி 26 டிகிரியில் அழிவு வேகம் நாளொன்றுக்கு 7.38. வரும் நீரில் 100 மி.லி.க்கு 5 கோடி மலக் கோலிபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) என்று வைத்தேன்.

பழைய வரிசையில் (1 நாள், 4.8 நாள், 3 நாள், 3 நாள்) கடைசியில் மிஞ்சுவது சுமார் 300. மொத்தத் தேக்கம் 12 நாளுக்கும் குறைவு.

புதிய வரிசையில் (11.9 நாள், 3 நாள், 3 நாள்) மிஞ்சுவது சுமார் 1,050. மொத்தத் தேக்கம் 18 நாள்.

ஆறு நாள் அதிகமாகத் தேக்கியும் கிருமி மூன்று மடங்கு கூடுதலாக வெளியேறுகிறது! முதலில் கணக்கு தப்பு என்றே நினைத்தேன்.

---

மட்டப்பலகை | புதன், காலை 5.50

தப்பில்லை. ஒரே பெரிய தொட்டியில் பத்து முறை அலசுவதைவிட மூன்று சிறிய வாளிகளில் மாற்றி மாற்றி அலசினால் துணி சுத்தமாகும். வீட்டில் துணி துவைப்பவர்களுக்கு இது தெரியும், பொறியாளர்களுக்குத்தான் சூத்திரம் தேவைப்படுகிறது. அந்தச் சூத்திரம் ஒவ்வொரு குளமும் உள்ளே முழுதாகக் கலந்து நிற்பதாக எடுத்துக்கொள்கிறது. எனவே குளங்களின் எண்ணிக்கைக்கு அங்கே மதிப்பு அதிகம்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? முதல் முதிர்வுக் குளத்தின் பரப்புச் சுமை, இருநிலைக் குளச் சுமையில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. உங்கள் புதிய வரிசையில் இருநிலைக் குளத்திலிருந்து 75 மி.கி. வருகிறது என்று வையுங்கள். ஒரு மீட்டர் ஆழம், 3 நாள் என்றால் சுமை 250. முக்கால் பங்கு 236. தாண்டிவிட்டது. முதல் முதிர்வுக் குளத்தை மூன்றரை நாளாக்குங்கள்.

---

களிமண் | புதன், மதியம் 1.30

மூன்றரையும் மூன்றுமாக வைத்தால் சுமார் 900 வருகிறது. 1,000 என்ற வரம்புக்குள் நுழைந்துவிட்டது. நீர்ப்பரப்பு 2.38 + 1.05 + 0.9 = 4.33 ஹெக்டேர். கரையோடு 5.63 ஹெக்டேர், அதாவது 13.9 ஏக்கர். இருப்பது 14. காவலாளி குடை விரித்து நிற்க இடம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டிரண்டு நாளாக மூன்று முதிர்வுக் குளங்கள் வைத்தால் என்ன? கணக்கில் 144தான் மிஞ்சுகிறது, இடமும் மிச்சமாகிறது.

---

மட்டப்பலகை | புதன், மாலை 6.10

காகிதத்தில் மிச்சமாகும். மூன்று நாளுக்குக் குறைந்தால் பாசி வளர்வதற்குள் அடித்துக்கொண்டு போய்விடும். காற்று ஒரு பக்கம் தள்ளினால் நுழைந்த நீர் மதியமே வெளியே வந்து நிற்கும். வேண்டாம்.

---

வாடைக்காற்று | புதன், இரவு 9.00

நான் பொறியாளன் இல்லை, வள்ளத்துக்காரன். காற்றைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். கச்சான் வீசும் மாதங்களில் நம் கரையில் தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை, வடகிழக்கிலிருந்து வரும். நிலம் ஊருக்கு வடமேற்கே என்கிறீர்கள். கச்சான் நாற்றத்தை வடகிழக்கே கொண்டுபோகும், வாடை தென்மேற்கே கொண்டுபோகும். ஊர் தப்பித்தது. ஆனால் அந்தப் புறம்போக்குக்கு வடகிழக்கில் சின்னக் குடியிருப்பு ஒன்று இருக்குமே, அவர்களை யார் கேட்டார்கள்? கூட்டத்துக்கு அவர்கள் வந்தார்களா?

---

களிமண் | புதன், இரவு 9.25

வரவில்லை அண்ணா. சரியாகச் சொன்னீர்கள். நாற்பது வீடுகள், குளத்தின் எல்லையிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர். குறைந்தது 200, முடிந்தால் 500 என்பது பொது அறிவுரை. வரைபடத்தில் குளங்களைத் தென்மேற்கு மூலைக்குத் தள்ளிப் பார்க்கிறேன்.

காற்றால் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. நீர் காற்றுக்கு எதிர்த் திசையில் ஓடுமாறு நுழைவாயை வைக்க வேண்டும் என்கிறார்கள். நமக்கோ ஆறு மாதத்துக்கு ஒரு முறை காற்று திரும்புகிறது.

---

மட்டப்பலகை | வியாழன், காலை 6.00

வெயில் காலக் காற்றை எடுங்கள். அப்போதுதான் மேல்நீர் சுட்டும் அடிநீர் குளிர்ந்தும் அடுக்கடுக்காக நிற்கும், குறுக்குவழி ஓட்டமும் அப்போதுதான் மோசம். நமக்கு அது கச்சான். எனவே நுழைவாய் வடகிழக்கு முனையில், வெளிவாய் தென்மேற்கில். மிதக்கும் நுரையும் பாசிப் படலமும் வெளிவாயை விட்டு விலகியே ஒதுங்கும். வெளிவாயில் நீர் எடுக்கும் ஆழமும் முக்கியம். காற்றில்லாக் குளத்தில் மேற்பரப்புக்கு 30 செ.மீ. கீழே, இருநிலைக் குளத்தில் 60 செ.மீ. கீழே, முதிர்வில் 5 செ.மீ. போதும். இருநிலையில் அந்த 60 செ.மீ. எதற்கென்றால், பாசிப் பட்டைக்குக் கீழிருந்து எடுப்பதற்கு. இதை மறந்துவிட்டு மேலிருந்தே வழிய விட்ட ஒரு குளத்தைப் பார்த்திருக்கிறேன். வெளியே வந்தது நீரா பச்சைச் சட்னியா என்று தெரியவில்லை.

---

சோதனைக்குழாய் | வியாழன், மதியம் 12.45

கல்லூரியில் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் சல்ஃபேட்டைப் பற்றிப் பேசவில்லை. கடற்கரை ஊரில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

காற்றில்லாக் குளம் சாதாரண ஊரில் பெரிதாக நாறாது. மீத்தேன் வரும், அதற்கு மணமில்லை. நாறுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது உருவாகச் சல்ஃபேட் வேண்டும். வரும் நீரில் சல்ஃபேட் லிட்டருக்கு 500 மி.கி.க்குக் கீழே இருந்து, குளத்தின் சுமையும் அளவோடு இருந்தால் நாற்றம் பெரிய தொல்லையாகாது என்பது பழைய அனுபவ விதி. கடல்நீரில் சல்ஃபேட் சுமார் 2,700 மி.கி. உங்கள் சாக்கடையில் ஐந்தில் ஒரு பங்கு கடல்நீர் கசிந்து கலந்தாலே 540 ஆகிவிடும். சமன்பாடுகள் ஒன்றிலும் இந்த எண் வராது, மூக்குக்கு மட்டும் வரும்.

மூக்கோடு முடிவதுமில்லை. அந்தச் சல்ஃபைடு அடுத்த குளத்தின் பாசிக்கும் நஞ்சு. பாசி போனால் பகல் ஆக்சிஜன் போகும், குளம் இளஞ்சிவப்பாகத் திரும்பும். அது ஊதா நிறக் கந்தக பாக்டீரியாவின் வேலை. பார்க்க அழகாக இருக்கும், யாராவது படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்புவார்கள். குளம் சுமை தாங்காமல் திணறுகிறது என்பதற்கான அறிகுறி அது.

களிமண் தம்பி, புறம்போக்கில் வெட்டிய குழியில் 1.2 மீட்டரில் நிலத்தடி நீர் என்கிறீர்கள். கடலோரத் தெருவில் குழாய் எவ்வளவு ஆழம்?

---

களிமண் | வியாழன், மதியம் 1.05

அந்தத் தெருவில் 2.5 மீட்டர் அக்கா. நிலத்தடி நீருக்குள் முழுக்க மூழ்கித்தான் கிடக்கிறது.

---

சோதனைக்குழாய் | வியாழன், மதியம் 1.20

அப்படியானால் வரைபடத்தை மூடி வையுங்கள். முதலில் ஒரு ஈ.சி. மீட்டரைக் கடன் வாங்குங்கள். ஈ.சி. என்றால் மின்கடத்துதிறன், விவசாயிகள் உப்புத் தண்ணீர் பார்க்க வைத்திருப்பார்கள். பகலில் ஒரு முறை, விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு முறை, நீரேற்று நிலையத்தின் சேகரக் கிணற்றில் அளந்து பாருங்கள். மூன்று மணிக்கு ஊரில் யாரும் குளிப்பதில்லை. அப்போது ஓடுவது பெரும்பாலும் கசிவு நீர்தான். கடல்நீர் 50,000 மைக்ரோசீமன்ஸ் அளவில் காட்டும். நல்ல சாக்கடை ஆயிரத்துச் சொச்சம்.

யாரையும் சாக்கடை ஆள்நுழை குழிக்குள் இறக்காதீர்கள். மேலிருந்து கயிற்றில் வாளி விட்டு எடுங்கள். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013 சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

---

லாரிக்காரன் | வியாழன், இரவு 8.40

கழிவுநீர் லாரி ஓட்டுகிறேன். பாதி ஊருக்குக் குழாய் இல்லை என்றால் மீதி ஊரின் செப்டிக் டேங்க் நீர் எங்கே போகும் என்று ஒருவரும் எழுதவில்லை. நாங்கள் உங்கள் குளத்துக்குத்தான் கொண்டு வருவோம். வேறு இடம் சொன்னால் அங்கே போகிறோம்.

---

மட்டப்பலகை | வெள்ளி, காலை 5.55

லாரிக்காரத் தம்பி சொன்னது பொன்னான வார்த்தை. நாளுக்கு 5,000 லிட்டர் லாரி பத்து வந்தால் 50 கன மீட்டர். பி.ஓ.டி. 3,000 என்று வைத்தால் 150 கிலோ. ஊர் முழுவதன் சுமை 750 கிலோதான். அறுபதில் ஒரு பங்கு நீரில் ஐந்தில் ஒரு பங்கு சுமை! இதை நேராக இருநிலைக் குளத்தில் கொட்டினால் நுழைவாயில் சேற்று மேடு எழும். காற்றில்லாக் குளம் இருந்தால் அது இதைச் செரித்துக்கொள்ளும். ஆகவே காற்றில்லாக் குளத்தைத் தூக்கிப் போடுவதில் எனக்கு மனமில்லை.

இன்னொரு பக்கம், அதன் சேற்றையும் கணக்கில் எடுங்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 0.04 கன மீட்டர். 30,000 பேருக்கு 1,200. குளம் 3,000 கன மீட்டர், மூன்றில் ஒரு பங்கு நிரம்பினால் தூர்வார வேண்டும். பத்து மாதத்துக்கு ஒரு முறை! ஒன்றாகக் கட்டாமல் இரண்டாகப் பக்கவாட்டில் கட்டுங்கள். ஒன்றைத் தூர்வாரும்போது மற்றது ஓடட்டும்.

ஒரு பழைய கதை. கடலோர ஊர் ஒன்றில், எது என்று கேட்காதீர்கள், எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் தாள் விரித்த குளம் ஒன்றைப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. கார்த்திகை மாதம். மேலதிகாரி அவசரப்பட்டார், நானும் தலையாட்டினேன். இரவெல்லாம் இறைத்துக் காலி செய்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் குளத்தின் நடுவில் தாள் எண்ணெய்ச் சட்டியில் போட்ட அப்பளம் போல உப்பி நிற்கிறது. வெளியே நிலத்தடி நீர் தரைக்கு ஒரு மீட்டரில், உள்ளே எடை இல்லை. அடியிலிருந்து நீர் தாளைத் தூக்கிவிட்டது. ஒரு பையன் அதன் மேல் ஏறி நின்று பார்த்தான், ஊஞ்சல் போல ஆடியது. காலையில் ஒட்டு விட்டு நாலு இடத்தில் கிழிந்தது. குளம் சாகவில்லை, என் பதவி உயர்வுதான் தள்ளிப்போனது.

அதனால், 1.2 மீட்டரில் நீர் இருக்கும் உங்கள் இடத்தில் 3 மீட்டர் குழி தோண்டாதீர்கள். தரைக்கு மேல் கரை எழுப்பிக் கட்டுங்கள். எப்படியும் நீரை ஏற்றத்தானே போகிறோம், இன்னும் மூன்று மீட்டர் ஏற்றுவதால் பெரிய செலவில்லை. தாளுக்கு அடியில் வடிகுழாயும் காற்றுப் போக வழியும் வையுங்கள். மழைக் காலத்தில் எதையும் காலி செய்யாதீர்கள்.

---

கணக்கன் | வெள்ளி, காலை 10.30

நாற்றமும் சேறும் அப்பளமும் இருக்கட்டும். வெளியே வரும் நீர் தரத்துக்கு யார் பதில் சொல்வது? 2017 அறிவிக்கையில் பெருநகரம் அல்லாத ஊர்களுக்குப் பி.ஓ.டி. 30, மிதவைத் திடப்பொருள் 100. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10, 20 என்று இறக்கியது. குளத்து நீரில் பாசியே திடப்பொருள்தான். எப்படித் தாண்டுவீர்கள்? சொல்லப்போனால் பகல் இரண்டு மணிக்குக் குளத்தின் பி.எச். 9ஐத் தாண்டும். அதுவும் வரம்பு மீறல்.

---

சோதனைக்குழாய் | வெள்ளி, மதியம் 12.50

கணக்கன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கிருமியைக் கொல்வதில் அந்த உயர்ந்த பி.எச்.சுக்கும் பெரும் பங்கு உண்டு என்பது வேடிக்கை. கொல்லும் வேலையைச் செய்ததற்காகவே தரச் சான்று மறுக்கப்படும். 10, 20 என்ற எண்களைக் குளத்தால் மட்டும் தொட முடியாது, பாசியை வடிகட்ட வேண்டும். கடலில் விடுவதாக இருந்தால் நானும் குளத்துக்கு ஓட்டுப் போட மாட்டேன்.

---

பாசிமகள் | வெள்ளி, இரவு 7.15

கடலில் விடவே கூடாது. என் அம்மா முப்பது ஆண்டாகத் தீவுப் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகிறவர். முழங்கால் ஆழத்தில் கையால் தடவித்தான் எடுப்பார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து தேசியப் பூங்கா. எங்கள் பெண்கள் அங்கே போனால் அபராதம் போடுகிறார்கள். ஊர்ச் சாக்கடை போனால் அபராதம் யாருக்கு? கிருமி செத்தாலும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் சாவதில்லை. பவளத்தின் மேல் இழைப்பாசி மூடுவதை அம்மா உங்கள் பி.ஓ.டி. தெரியாமலே சொல்வார்: "கல்லு சளி பிடிச்சுக் கெடக்கு."

---

வாடைக்காற்று | வெள்ளி, இரவு 7.50

சரியாகச் சொன்னாய் பாப்பா. உப்பங்கழியும் கடல்தான். வாய் திறக்கும் நாளில் எல்லாம் உள்ளே போகும்.

---

பனங்காடு | வெள்ளி, இரவு 9.10

அந்தப் புறம்போக்குக்கு ஒட்டி எங்களுக்குத் தென்னையும் பனையும் உண்டு. காவிரித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் அத்தனை தூரம் குழாயில் வந்து, ஒரு முறை குளிக்கப்பட்டுக் கடலுக்குப் போகிறது. எங்களுக்கு விடுங்கள். பசும்பாசியோடு வந்தாலும் தென்னை வேண்டாம் என்று சொல்லாது. ஆனால் உப்பு எவ்வளவு இருக்கும்? ஈ.சி. 3,000ஐத் தாண்டினால் எங்கள் மண் தாங்குமா என்று தெரிய வேண்டும். பனைக்குக் கவலை இல்லை.

---

களிமண் | ஞாயிறு, காலை 7.00

ஈ.சி. மீட்டர் கிடைத்தது. சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குச் சேகரக் கிணற்றில் 1,900. குடிக்கக் காவிரி, குளிக்கவும் துவைக்கவும் ஊர்க் கிணறு என்பதால் அது ஒன்றும் அதிகமில்லை.

விடியற்காலை 3.10க்கு மறுபடியும் போனோம். 6,400.

மூன்று முறை கழுவி அளந்தேன், அதேதான். அந்த நேரத்தில் வரும் நீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கடல்நீர். பம்பு இயக்குநர் சொன்னார்: "சார், இந்த நேரத்துத் தண்ணி எப்பவும் தெளிவாத்தான் வரும்." எட்டு ஆண்டாக அவருக்குத் தெரிந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை.

பிறகு கடலோரத் தெருவின் குழிகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். முதல் இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் டார்ச் அடித்தபோது, குழாயும் குழிச் சுவரும் சேரும் இடத்தில், சிமெண்ட் பூச்சு விட்டுப்போன இடுக்கிலிருந்து விரல் தடிமனில் தெளிந்த நீர் வளைந்து விழுந்துகொண்டிருந்தது. சத்தம்கூடக் கேட்டது. வாளியை அதற்கு நேரே பிடித்து எடுத்தோம். மீட்டர் 31,000 காட்டியது. வாளியில் சிறு சிப்பி ஓடு ஒன்றும் இருந்தது.

---

சோதனைக்குழாய் | ஞாயிறு, காலை 9.30

அருமை. இப்போது 24 மணி நேரக் கலவை மாதிரி எடுத்து வாருங்கள், சல்ஃபேட் பார்த்துத் தருகிறேன். இரவு நீர் அளவில் குறைவு என்பதால் நாள் முழுதுக்குமான சராசரி 500ஐத் தொடாமல் இருக்கலாம். ஆனால் குழாய் இன்னும் எட்டு ஆண்டு கிடக்கப் போகிறது, இடுக்கு சிறிதாகப் போவதில்லை.

---

மட்டப்பலகை | ஞாயிறு, மாலை 5.40

தம்பி, உங்கள் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்றில்லாக் குளத்தோடு 9 ஏக்கர் சொச்சம், இல்லாமல் 14 ஏக்கர். அந்தத் தெருவின் சில நூறு மீட்டர் குழாய் ஒழுகுவதால்தான் நீங்கள் காற்றில்லாக் குளத்துக்குப் பயப்படுகிறீர்கள். ஆக அந்த இடுக்குகள் நாலேமுக்கால் ஏக்கர் நிலத்தைக் குடிக்கின்றன. பனங்காட்டுக்காரரின் தென்னையையும் அதே இடுக்குதான் கெடுக்கும். குழாயைச் சரிசெய்யும் செலவை மதிப்பீட்டின் முதல் வரியாக எழுதுங்கள், குளத்தை இரண்டாவது வரியாக. மேசையில் இருப்பவர்கள் "இது குளத் திட்டம், குழாய் வேறு தலைப்பு" என்பார்கள். விடாதீர்கள்.

குழாயின் ஒழுக்கை அடைத்த பிறகு மறுபடியும் மூன்று மணிக்கு அளந்து, 2,500க்குள் வந்தால் இரட்டைக் காற்றில்லாக் குளம் கட்டுங்கள். வராவிட்டால் கட்டாதீர்கள். அதுவரை அதற்கான இடத்தைக் காலியாக விட்டு வரையுங்கள். லாரி நீருக்கு மட்டும் தனியே சிறிய உலர்த்தும் படுகை வையுங்கள்.

---

கணக்கன் | ஞாயிறு, இரவு 8.00

ஒழுகும் குழாய் இயந்திர நிலையத்தையும் கெடுக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் என் கருத்து மாறவில்லை. 14 ஏக்கர் 14 ஏக்கர்தான்.

---

பனங்காடு | ஞாயிறு, இரவு 8.35

ஆவியாவதையும் சேர்த்தீர்களா? பங்குனி வெயிலில் எங்கள் கிணற்றுத் தொட்டியே நாளுக்கு ஒரு விரல் இறங்கும். வாலிநோக்கத்தில் உப்பு விளைகிற வெயில் இது.

---

களிமண் | ஞாயிறு, இரவு 10.10

சேர்த்தேன் அண்ணா. நாளுக்கு 6 மி.மீ. என்று வைத்தால் 2.85 ஹெக்டேரில் 170 கன மீட்டர், அதாவது வரும் நீரில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பெரிய திட்டமான 4.33 ஹெக்டேரில் 260, ஏறக்குறைய 9 சதவீதம். உப்பும் அதே அளவுக்கு அடர்கிறது. சிறிய குளம் உங்களுக்கும் நல்லதுதான்.

வடகிழக்குக் குடியிருப்பில் நாளை மாலை பேசப் போகிறேன். வாடைக்காற்று அண்ணன் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இன்னும் ஆறு குழிகள் திறக்க வேண்டும். அதற்குள் மீட்டரைத் திருப்பிக் கேட்டுப் போன் வந்துவிட்டது. ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் யாரிடமாவது ஒரு ஈ.சி. மீட்டர் இருந்தால் வியாழக்கிழமை இரவு மட்டும் போதும். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.